பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு எது உதவும்?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றாம் வகுப்பில் உயிர்மெய் எழுத்துகளை முடித்தும் முடிக்காமலும் வீட்டுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். நடுவில் இரண்டாம் வகுப்பு என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு நடக்கவே இல்லை.

முடிந்துபோன கதைதானே என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2023 ஜூனில் வெயில் தாங்காமல் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குப் பள்ளி திறப்பு 14-ஆம் தேதி வரை தள்ளிப்போனது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் சுற்றுப் பகுதிகளிலும் நாள்கணக்கில் பள்ளி இல்லை. பெரிய ஊரடங்கோ சின்ன விடுமுறையோ, வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது, என்ன படிக்க வைப்பது? கொரோனா காலத்தில் எல்லா வழிகளையும் யாராவது எங்காவது முயன்று பார்த்தார்கள். அவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று இப்போது நிதானமாக யோசித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை பதறாமல் இருக்கலாம்.

முதலில், எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அப்போது பெற்றோர் பலரும் பயந்தது போர்ஷன் போய்விடுமே என்றுதான். உண்மையில் போனது அதைவிடப் பெரியது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. பள்ளி மூடுவதற்கு முன்னால் தெரிந்திருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது 92 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள். கணக்கில் அப்படி இழந்தவர்கள் 82 சதவீதம். புதுப் பாடம் படிக்காமல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், தெரிந்ததே மறந்துபோயிருந்தது. அந்த ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்துக்கு, கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பு இருக்கிறது: மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த ஊரகப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8 சதவீதம். ஏற்கெனவே குறைவாக இருந்தது பாதியாகிவிட்டது.

அதனால் நான் ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போது, கணக்குப் போடும்போது, அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு ஆள் அதில் இருக்கிறாரா? இந்த வயதில் வாசிப்பும் எண்ணும் நிலைத்துநிற்பது தினசரிப் பழக்கத்தாலும், தப்பு வந்த இடத்திலேயே யாராவது நிறுத்திச் சரிசெய்வதாலும்தான். செலவு, போன், டேட்டா எல்லாம் அதற்கு அப்புறம்.

நேரலை வகுப்பு

தனியார் பள்ளிகள் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான். இதில் ஒரு நல்லது உண்டு. டீச்சர் முகம் தெரிந்தது, கூடப் படிக்கும் பிள்ளைகளின் குரல் கேட்டது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைக்கு "மிஸ், எனக்குத் தெரியும் மிஸ்" என்று கத்த ஓர் இடம் கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓரளவு தாங்களாகவே சமாளித்தார்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் நிலைமை வேறு. எழுதப் பழகும் பிள்ளைக்கு டீச்சர் செய்யும் முக்கியமான வேலை, பக்கத்தில் வந்து நின்று பென்சில் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பது. 'ண'வுக்கு எத்தனை சுழி போட்டிருக்கிறது, கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் போனதா என்று அந்த நொடியிலேயே பார்த்துத் திருத்துவது. உள்ளங்கை அளவுத் திரையில் வகுப்பு முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும்போது அதைச் செய்ய எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே அந்த வேலை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வந்து சேர்ந்தது. அப்படி உட்கார ஆள் இருக்கிற வீட்டில், வகுப்பு இல்லாமலேயே அந்த அரை மணி நேரத்தில் அதைவிட அதிகம் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நேரமும் கவனிக்க வேண்டியது. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலே, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றது. மழலையர் வகுப்புக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை ஏழு வயதுப் பிள்ளையைத் திரை முன் உட்கார வைத்த பள்ளிகள் இருந்தன. பெற்றோர் அதைத் தைரியமாக மறுத்திருக்கலாம். இனியும் மறுக்கலாம்.

வசதியில்லாத வீடுகளுக்கு இந்த வழி பெரும்பாலும் பேச்சளவில்தான் இருந்தது. பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 எளிய குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 8 சதவீதம்தான். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும், அது காலையில் வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் போய்விடும். இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்காது, அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும்.

தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்

2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடியபோது கையில் தயாராக இருந்தது. டேட்டா தேவையில்லை, போன் தேவையில்லை, அண்ணனும் தங்கையும் ஒரே பெட்டியைப் பார்க்கலாம். நேரலை வகுப்போடு ஒப்பிட்டால் இது எட்டிய வீடுகள் அதிகம் என்பதே இதன் பெரிய பலம். ஆனால் பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டால் பெட்டிக்குத் தெரியாது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றால் நிற்காது. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்றே விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஒளிபரப்புக்குப் பிறகு வகுப்பாசிரியர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டது அங்கே அதற்கு உயிர் கொடுத்தது. வீட்டிலும் அதையே செய்யலாம். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு "என்ன சொன்னாங்க? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லாத வீட்டில் பாடம் முடிந்த கையோடு கார்ட்டூன் ஓட ஆரம்பித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் வொர்க்‌ஷீட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றதும் பக்கம் அழகாக இருப்பதில்தான் எல்லார் கவனமும் போனது. அடித்துத் திருத்திய விடையை அழித்து மறுபடி எழுதச் சொன்ன வீடுகள் எத்தனையோ. ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அந்த அடித்த விடைதான், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அதில்தான் தெரியும். அனுப்புவதானால் அப்படியே அனுப்புங்கள். பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடு காட்டும் காணொலிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை வீட்டில் சொல்லிக்கொடுப்பவருக்கே அதிகம் உதவும், தனியாக உட்காரும் பிள்ளைக்கு அவ்வளவு உதவாது.

ஒரு போன் அழைப்பு

எல்லாரும் கவனிக்காமல் விட்ட வழி இது என்று நினைக்கிறேன். போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியில் போனது. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரின் அழைப்பும் போனது, வாரம் 20 நிமிடம் போல. பெற்றோர் ஸ்பீக்கரில் போடுவார், ஆசிரியர் பிள்ளையோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். அழைப்பு வந்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அந்த 20 நிமிடக் குரல்தான் வித்தியாசம்.

பட்டன் போன் போதும். டேட்டா வேண்டாம். ஆசிரியர்தான் கூப்பிட வேண்டும் என்றும் இல்லை. நம் குடும்பங்களில் துபாயிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் சித்தப்பா இருப்பார், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அத்தை இருப்பார், ஓய்வுபெற்ற தாத்தா இருப்பார். வழக்கமாக "சாப்பிட்டியா, நல்லாப் படிக்கிறியா" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதையே கொஞ்சம் நீட்டினால் என்ன? "சித்தப்பா, இன்னைக்கு நான் ஒரு பக்கம் வாசிக்கிறேன், கேளுங்க" என்று பிள்ளை வாசிக்கட்டும். தடுமாறும் சொல்லை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். முடிவில் ஒரு கணக்கு, ஒரு விடுகதை. அடுத்த அழைப்பு வரும்வரை அந்த விடுகதைக்கு விடை தேடி வீடே யோசிக்கும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருக்கும் வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

தெருவில் ஒரு அக்கா

தொற்று அடங்கியிருந்த மாதங்களில் பல ஊர்களில் இது தானாகவே நடந்தது. பி.எட். படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண், கல்லூரி மூடியதால் ஊருக்குத் திரும்பிய பையன், திண்ணையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். கர்நாடகம் 2020 ஆகஸ்டில் 'வித்யாகமா' என்ற பெயரில் ஆசிரியர்களையே ஊர்களுக்கு அனுப்பி மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பு நடத்தப் பார்த்தது. தொற்று பயத்தில் அக்டோபரில் நிறுத்தவேண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே மாலை நேரத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஒன்றிலிருந்து எட்டு வரை படிப்பவர்களுக்கு. பள்ளி திறக்கும் நேரத்தில்தான் அது வந்தது என்பது எனக்கு இன்றும் ஆதங்கம். ஓராண்டு முன்னால் வந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் எழுத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

கேட்டுத் திருத்த ஓர் ஆள், கூட விளையாடப் பிள்ளைகள், வீட்டிலிருந்து எட்டு அடி. வெள்ள விடுமுறைக்கும் வெயில் விடுமுறைக்கும் இதைவிட நல்லது இல்லை. தொற்று பரவும் காலத்தில் மட்டும் இதை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும், அதிலும் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று, பிள்ளை போகும் இடம் நாலு பேர் கண்ணில் படும் திறந்த இடமாக இருக்கட்டும். மூடிய அறை வேண்டாம்.

வீடே பள்ளியாக

கடைசியாக, அம்மா, அப்பா, பாட்டி, வீட்டில் இருக்கும் சாமான்கள். பலரும் இதை வேறு வழியில்லாதவர்களின் வழி என்று நினைக்கிறார்கள். நான் இதைத்தான் அடித்தளம் என்பேன், மற்ற எல்லாம் இதன் மேல் சேர்ப்பவை.

தினமும் அரை மணி நேரம், அவ்வளவுதான். பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். போன வகுப்புப் புத்தகமே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. தெரிந்த பாடத்தைச் சரளமாக வாசிப்பதில்தான் தன்னம்பிக்கை வரும். அது தீர்ந்தால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, நான்கு படிநிலைகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். போனை ஒரு தடவை வாங்கி இரண்டு கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் ஒரு வாரம் ஓடும். அதுவும் இல்லையென்றால் பழைய செய்தித்தாள், ரேஷன் கார்டு, பிஸ்கட் உறை. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இவை எல்லாமே பாடம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் இதைச் செய்ய முடியும். பிள்ளை வாசிக்கட்டும், அவர் "அப்புறம்? ஏன் அப்படிப் பண்ணினான்?" என்று கேட்கட்டும். கதை புரிந்து வாசிக்கிறதா, எழுத்தை மட்டும் கூட்டுகிறதா என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கணக்குக்குப் பல்லாங்குழியை விட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் 14. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்தால் 70. ஐந்தாம் வாய்ப்பாடு அங்கேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது எந்தக் குழியில் நான்கு சேர்ந்து 'பசு' ஆகும், அதை யார் எடுப்பார் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போட வேண்டும். பலகை இல்லையா, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். தாயத்தில் கூட்டலும் பொறுமையும் வரும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு 15 ஆடு. யோசிக்காமல் நகர்த்தும் பிள்ளை இரண்டே ஆட்டத்தில் நிதானமாகிவிடும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கப் பழைய அளவைகள் அருமையானவை. பாட்டி வீட்டுப் பரணில் படியும் உழக்கும் இருந்தால் இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து கொட்டிப் பார்த்தால் அரை, கால், அரைக்கால் எல்லாம் கையாலேயே புரிந்துவிடும். அளவை இல்லாத வீட்டில் ஒரே அளவான டம்ளர்களும் தண்ணீரும் போதும்.

வீட்டு வேலையும் படிப்புதான், ஓர் எல்லைக்குள். வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி அது வளர்வதை வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளப்பது. இதையெல்லாம் பையனும் செய்யட்டும், பெண்ணும் செய்யட்டும். பத்து வயதுப் பெண்ணிடம் தம்பியை நாள் முழுக்க ஒப்படைத்துவிட்டுப் போவது வேறு. அது அந்தப் பிள்ளையின் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. பள்ளி மூடிய நாட்களில் இதைப் பல வீடுகளில் பார்த்தேன். பெற்றோரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வழி தெரியாமல்தான் செய்தார்கள். ஆனால் தம்பிக்கு ஒரு மணி நேரம் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கிடைத்தால், அந்த ஒரு மணி நேரத்தை முதலில் அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள்.

உடம்பையும் மறக்க வேண்டாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மொட்டை மாடி இருந்தால் பாண்டி ஆடலாம், கயிறு தாண்டலாம். ஒற்றை அறை வீட்டில் இது கடினம்தான். ஆனாலும் அஞ்சாங்கல்லுக்கு ஒரு பாய் அளவு இடம் போதும், காலையில் தெரு காலியாக இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவரோடு நடந்துவிட்டும் வரலாம்.

வீட்டையே பள்ளியாக்கும் இந்த வழியின் பலவீனம் பெரியவர்களின் நேரமும் பொறுமையும். பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரும் கோபம் மற்ற பிள்ளையிடம் வராது. குரல் உயர்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு மூடிவிடலாம். மிச்சத்தைச் சித்தப்பாவின் அழைப்புக்கு விட்டுவிடலாம்.

யாருக்கு எது?

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, ஒரே போன், இரண்டு பிள்ளைகள் என்றால்: இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேர வாசிப்பு, வாரம் இரண்டு நாள் உறவினர் அழைப்பு, பகலில் தொலைக்காட்சியில் ஒரு பாடம். போனில் டேட்டா மிச்சமிருந்தால் அதைப் பெரிய வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள், சின்னதுக்கு வேண்டாம். வீட்டில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்கிறார், பள்ளியும் நேரலை வகுப்பு நடத்துகிறது என்றால் அதில் ஒரு வகுப்பு மட்டும், மீதி நேரம் பல்லாங்குழியும் அடுக்களையும். தொற்று இல்லாத விடுமுறை என்றால் யோசிக்காமல் தெருவில் ஓர் அக்காவைப் பிடியுங்கள். நாலு வீடு சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அவருக்கும் உதவியாக இருக்கும். வொர்க்‌ஷீட்டை மட்டும் நம்பும் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்து, நேரம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால், நான் சின்னதுக்கே கொடுப்பேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடும். எழுத்தே நிலைக்காத பிள்ளைக்கு அந்தப் பிடி கிடையாது. பள்ளி திறந்த பிறகு 2022-இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்கு என்றே தொடங்கியதற்கும் காரணம் அதுதான்.

ஒரு 40 பக்க நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு வரி போதும்: எந்தப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறது, எந்த எழுத்தில் நிற்கிறது, கடன் வாங்கிக் கழிக்க வருகிறதா. பள்ளி திறக்கும் அன்று அதை வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடும் அவருக்கு, உங்கள் பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.